திருநீறு பூசிய டீசல் என்ஜின்

செந்தூல்,
வியாழக்கிழமை

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். முட்டி வலி மட்டும் பழையபடிதான். ஆக்லாந்தில் குளிர் அதிகம் என்றாயே, மருமகள் விஷ்ணுப்ரியாவைச் சளியோடு வேலைக்கு அனுப்பாதே.

நேற்று போனில், "துடைச்சிடுங்கம்மா, எதுக்கு வம்பு" என்றாய். போனிலேயே பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். துடைக்க மாட்டேன்.

சின்னச் சின்ன மாதிரி ரயில்கள் செய்யும் எங்கள் கிளப் வருகிற சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கண்காட்சி வைக்கிறது. உன் அப்பா ஓட்டிய டீசல் என்ஜினை உள்ளங்கை நீளத்துக்குச் செய்து, பெயிண்ட் அடித்து, முன்கூட்டியே கிளப்பில் காட்டக் கொண்டுபோனேன். செயலாளர் பழனியப்பன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மஞ்சள் பட்டை ஒரு மயிரிழை அகலம் கூடிவிட்டது என்றார். சரிதான், தப்பு என்னுடையது. அன்றே சுரண்டிவிட்டுத் திரும்ப அடித்தேன். அடுத்து, முகப்பில் இருக்கும் திருநீறும் குங்குமமும் ரயில்வே அடித்த பெயிண்டில் கிடையாது, அழித்தால்தான் மேசையில் இடம் என்றார்.

பக்கத்தில் இன்னொரு உறுப்பினர் விஜயனின் என்ஜின். கரியும் துருவும் அச்சு அசலாகத் தீட்டியிருக்கிறார், ஏகப்பட்ட பாராட்டு. கரி படிந்தது சரித்திரம், திருநீறு பூசியது சரித்திரம் இல்லையா என்று கேட்டேன். போட்டோ இருக்கா ஆன்டி என்றார் பழனியப்பன். இல்லை. ஆயுத பூஜை அன்று ஒர்க்‌ஷாப்பில் பூசினார்கள், அதோடுதான் லைனுக்குப் போனது. மழை கழுவும்வரை அப்படியே ஓடியது. நான் செய்திருப்பது அந்த நாளின் என்ஜினை. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன், போதாதா?

குங்குமம் ஏன் நடுவில் இல்லாமல் கோணலாக இருக்கிறது என்றும் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உனக்குச் சொல்கிறேன். வைத்தது நீ. உனக்கு மூன்று வயது, அப்பா தூக்கிப் பிடித்திருந்தார். பூசாரி சரிசெய்ய வந்தபோது, "இருக்கட்டும் சாமி, எம்மவன் வச்சது" என்று அப்பா தடுத்துவிட்டார்.

சனிக்கிழமை அதே கோணல் பொட்டோடு போகிறேன். வெளியே அனுப்பினால், வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பா போனபோதுகூட உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பொட்டை அழித்தே ஆக வேண்டும் என்றால், நீயே வந்து உன் கையால் அழித்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
அமுதவள்ளி