எழுபது டிகிரி

ஜூன் 9, திங்கள்

செய்முறை அறையில் இருந்த பன்னிரண்டு கட்டில்களில் ஒன்பதைத் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஆளுக்கொரு கட்டம். மாணவர்கள் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத நோயாளியின் இல்லாத கையைத் தூக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கொசு அடிப்பது போல் இருக்கிறது.

முதல்வர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒருத்தர் மேல ஒருத்தர் கை வச்சுப் பழகுறது இனிமே வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும் மேடம். மீதி இதுலயே. மார்க்கும் இதுவே போட்டுடும்."

பதினெட்டு வருஷமாகப் பிசியோதெரபியைக் கையால் சொல்லிக்கொடுக்கிறவள் நான். "பாக்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். என் 'பாக்கலாம்'முக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். முதல்வருக்குப் போகப்போகத் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

வலது தோள் இன்றும் மக்கர். நாலு மாதமாக இறுகிக்கிடக்கிறது. சடையை வீட்டுக்காரர்தான் பின்னிவிடுகிறார். "கிணத்துக் கயிறு மாதிரி இருக்கு" என்றேன். "அவுந்து விழாதுல்ல, போதும்" என்றார்.

கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. பலகையில் எழுதும்போது கையைத் தூக்காமல் தோள்பட்டை எலும்பையே சேர்த்து மேலே ஏற்றிவிடுகிறேன். பார்க்கிறவர்களுக்குக் கை உயர்ந்த மாதிரி இருக்கும். நோயாளிகள் செய்யும் அதே திருட்டுத்தனம். வைத்தியம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கே இப்படி என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஜூன் 13, வெள்ளி

அந்த விஆர் கண்ணாடியை நானே மாட்டிப் பார்த்தேன். தோலை உரித்து, தசையை விலக்கி, மூட்டுக் கிண்ணத்துக்குள் எலும்பு உருளுவதைக் காட்டியது. நான் இத்தனை வருஷம் படம் போட்டுத் திணறியதை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கைக்குக் கனமே இல்லை. எவ்வளவு தூக்கினாலும் அந்த ஆள் முகம் சுளிப்பதில்லை. வலிக்காத மனுஷன் நம்மிடம் எதற்கு வருகிறான்?

ஜூன் 18, புதன்

கண்ணாடியில் முதல் தேர்வு. வகுப்பில் எல்லாரும் ராக்கெட் என்று கூப்பிடும் பையனுக்குத் தொண்ணூற்றாறு. ஆமை என்று கூப்பிடும் பெண்ணுக்கு நாற்பத்தொன்று. ஐம்பது இருந்தால்தான் பாஸ்.

ஆமையின் கை நல்ல கை, எனக்குத் தெரியும். பிறகு ஏன்? இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறை கையைத் தூக்கும் முன்பும் "வலிக்குதாங்க?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கிறாள். கண்ணாடிக்குள் யார் பதில் சொல்வது? கடிகாரம் ஓடுகிறது, தாமதத்துக்கு மார்க் குறைகிறது.

"அது பொம்மைன்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம். கேக்காம கை போக மாட்டேங்குது."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

அந்த மார்க்கையே வருஷ மார்க்காக எடுத்துக்கொள்கிறார்களாம். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் ஆமை ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும்.

"மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாது மேடம்."

"காதும் கிடையாது சார்."

முதல்வருக்கு மூக்குக்கு மேல் கோபம். "செவ்வாய்க்கிழமைக்குள்ள மெஷின் தப்புன்னு காட்டுங்க. இல்லன்னா வேற ஆள் கையெழுத்துப் போடுவாங்க. உங்க வகுப்பையும் அவங்களே எடுப்பாங்க."

வலிக்குதான்னு கேட்டதுக்கு ஒரு பொண்ண ஃபெயிலாக்குவாங்களாம். எந்த ஊரு நியாயம் இது? போட மாட்டேன். போடவே மாட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ராக்கெட்டையும் ஆமையையும் நாளை நிஜ மனுஷத் தோளில் சோதித்துக் காட்டுவதாக முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன். "யாரோட தோள வச்சுக் காட்டப் போற?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு என் தோளைப் பார்த்தார்.

ஆமாம். நாளை நான்தான் நோயாளி. ஒன்றும் சொல்லாமல், வழக்கமான திருட்டுத்தனத்தோடு உட்காரப் போகிறேன். ஆமை கண்டுபிடிக்காவிட்டால் அவளோடு நானும் காலி. கண்டுபிடித்தால் வகுப்பு முழுக்க என் தோளின் லட்சணம் தெரிந்துவிடும். தெரியட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல்வர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பக்கவாட்டுல என் கை எவ்வளவு தூரம் உயரும்? சொல்லுங்க" என்றேன்.

ராக்கெட் முதலில். வந்தான், பிடித்தான், தூக்கினான். உயிர் போய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தோள்பட்டையை ஏற்றினேன். "நூறு டிகிரி" என்றான். இரண்டே நிமிஷம்.

அடுத்து ஆமை. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். ஒரு கையைத் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தாள், மறு கையால் முழங்கையைத் தாங்கினாள்.

"வலிக்குதா மேடம்?"

"இல்ல."

காத்திருந்தாள். கொஞ்சம் தூக்கினாள். மறுபடி கேட்டாள், மறுபடி இல்லை என்றேன். கையை மெல்ல இறக்கினாள்.

"பொய் சொல்றீங்க மேடம். கை எழுபதுலயே நின்னுடுது. மிச்சமெல்லாம் எலும்பத் தூக்கி ஏமாத்துறீங்க. ரொம்ப நாளா இப்படித்தான, இல்ல?"

முதல்வர் கோணமானியை வாங்கி, ஆமையைத் தோள்பட்டை எலும்பை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, தானே அளந்தார். எழுபது. ஆமைக்குப் பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்தது வலியால்தான். இங்கே அப்படித்தான் எழுதுவேன்.

சாயந்திரம் ராக்கெட் வந்து நின்றான். "சாரி மேடம். ரொம்ப வலிச்சிருக்கும்ல?"

"வலிச்சுது. நீ கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீ கேக்கவே இல்லையே."

ஜூலை 1, செவ்வாய்

ஆறு கட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. கண்ணாடிகளும் இருக்கட்டும் என்று நானே சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு வரட்டும். மார்க் மட்டும் நான் போடுவேன். முதல்வர் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு "சரி" என்றார்.

ஆமை பாஸ். தினமும் நாலு மணிக்கு அவளுக்கு ஒரு நோயாளி வேண்டும் என்று பட்டியலில் என் பெயரை அவளே எழுதியிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் நானே சடை பின்னினேன். கொஞ்சம் கோணல். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் சீப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தார், வேலை போன ஆள் மாதிரி.

"நாளைக்கு நீங்க பின்னுங்க" என்றேன்.