சன்னல் இல்லாத குளியலறை

சுங்கை லாடா தோட்டம்,
சிம்பாங் அம்பாட் வழி,
4-2-1951

அன்புக்குரிய கோமளாவுக்கு,

நான் இங்கு சுகம். நீயும் மச்சான் வீட்டாரும் சுகமென்று ஒரு வரி வந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. தெங்கேராக் கடல்காற்று அவ்வளவு பிடித்துவிட்டதா?

கோபித்துக்கொள்ளாதே. நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். முற்றத்தைக் கடந்து குளியலறைக்குப் போக உனக்குப் பயம். அன்று சாயங்காலம் தொழிலாளர் லயத்துப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டதிலிருந்து நீ ஒழுங்காகக் குளிக்கக்கூட இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

நம் படுக்கையறைக்குப் பின்னால் வராந்தா மூலை சும்மாதானே கிடக்கிறது? அதைச் சுவர் வைத்து அடைத்தால் ஒரு சின்னக் குளியலறை. படுக்கையறையிலிருந்தே கதவு. துரை பங்களாவில் அப்படித்தான் இருக்கிறது. ஆபீசில் கணக்கு ஏட்டை நீட்டும்போது துரையைக் கேட்டேன். "கிராணி, பழைய செங்கல் கிடக்கிறது, எடுத்துக்கொள்" என்றார். கொத்தனார் அங்கமுத்து கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

கையை விரித்து நின்றால் இரண்டு சுவரும் தொடும், அவ்வளவுதான் இடம். அதனால் கதவு அறைப் பக்கமாகத் திறக்க வேண்டும். மூலையில் தண்ணீர்த் தொட்டி. மேலே தகரக் குழாயில் ஓட்டை போட்டு, மழைபோலத் தண்ணீர் கொட்ட வைக்க ஓர் ஆசை. கிழக்கே பெரிய சன்னல், காலை வெயில் விழும்படி. சுவருக்கு வெள்ளையா, இளம்பச்சையா? நீயே சொல்.

உன் அன்புக் கணவன்,
தங்கையா

~

தெங்கேரா, மலாக்கா,
10-2-1951

அன்புள்ள அத்தானுக்கு,

கோமளா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்காக இவ்வளவு யோசித்திருக்கிறீர்கள். சுசீலா அண்ணியிடம் சொன்னேன். "ஒங்க வீட்டுக்காரரு ஒங்களுக்கு அரமணை கட்டுறாரு லா, எங்க வீட்டு மனுஷனும் இருக்காரே" என்று சிரித்தார்.

அத்தான், சன்னல் வேண்டாம். சின்னதும் வேண்டாம். கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. வெறும் கம்பித் தாழ்ப்பாள் உதவாது, கனமான இரும்பாக இருக்கட்டும். நிறம் எதுவானாலும் சரி.

பாசாரில் மீன்காரர் சொன்னார், உங்கள் பக்கத்தில் காட்டுக் கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை மறித்து எரித்தார்களாமே. நீங்கள் எனக்கு அதை எழுதவே இல்லை. இன்னும் எதையெல்லாம் எழுதாமல் விட்டீர்களோ என்று மனது அடித்துக்கொள்கிறது. அண்ணனுக்குத் தெரிந்த கடையில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள். இங்கேயே வந்துவிடக் கூடாதா?

தங்கள்,
கோமளா

~

சுங்கை லாடா தோட்டம்,
16-2-1951

அன்புள்ள கோமளா,

பஸ் எரிந்தது உண்மைதான். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் எரித்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. சொன்னால் நீ பயப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போடுகிறார்கள். காட்டுக்குப் போய்விடாமல் அரிசியை அளந்துதான் கொடுக்கிறார்கள். இந்தச் சமயத்தில் நான் விட்டுவிட்டு வந்தால் துரை என்ன நினைப்பார்? கடை வேலையைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. நீ சன்னல் வேண்டாமென்றதை அங்கமுத்துவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, சன்னலு இல்லாம குளிக்கிற ரூம் கட்டுனா செவரெல்லாம் பாசி புடிச்சிரும். உள்ள போனா பகல்லயே வெளக்கு வேணும் லா. அம்மா வெவரம் தெரியாம சொல்றாங்க."

"அம்மா சொன்னால் சொன்னதுதான்" என்றேன். ஆனாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூரைக்குக் கீழே நாலு காற்றோட்ட ஓட்டையாவது விடலாமே? ஒரு பூனைகூட நுழைய முடியாது. தொட்டியைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் பின்னால் கழுவ வசதியாக இருக்கும் என்கிறார். சரிதானே?

உன்,
தங்கையா

~

தெங்கேரா,
21-2-1951

அன்புள்ள அத்தானுக்கு,

வேண்டாம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடம் விடவே வேண்டாம். தொட்டியே வேண்டாம். ஒரு வாளி போதும் எனக்கு. உள்ளே நுழைந்தால் நாலு மூலையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். ஓட்டையும் வேண்டாம். பாசி பிடித்தால் நான் தேய்த்துக் கழுவிக்கொள்கிறேன்.

உங்களுக்கு அலுப்பாக இருக்கும். பிடிவாதக்காரி என்று அங்கமுத்து அண்ணனும் நினைப்பார். என்ன செய்வேன் அத்தான், இங்கே அண்ணி வீட்டிலும் அண்ணியை வாசலில் உட்கார வைத்துவிட்டுத்தான் குளிக்கிறேன். அவர் ஏனென்று கேட்பதை நிறுத்திவிட்டார். நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை.

கோமளா

~

சுங்கை லாடா தோட்டம்,
4-3-1951

அன்புள்ள கோமளா,

எல்லாம் நீ சொன்னபடியே முடிந்தது. சன்னல் இல்லை, ஓட்டை இல்லை, தொட்டி இல்லை. இரும்புத் தாழ்ப்பாள் இரண்டு. தரையை வாட்டமாகப் பூசியிருக்கிறோம், தண்ணீர் ஒரு சொட்டு நிற்காது. சுவருக்கு வெள்ளைதான் அடித்தேன், இருட்டுக்கு அதுவே நல்லது. மழைக்குழாய் மட்டும் என் ஆசைக்கு. திட்டாதே.

ஒரு சின்ன விஷயம். நீ மற்றவர் வாயால் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்கார சார்ஜண்ட், ஆட்களோடு வீடு வீடாகச் சோதனை போட்டார். நம் குளியலறையில் ரொம்ப நேரம் நின்றார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காற்று வர வழியில்லாத அறையில் யார் குளிப்பார்கள், அரிசி பதுக்கிக் காட்டுக்காரர்களுக்குக் கொடுக்கவா கட்டினாய் என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பயப்பட ஒன்றும் இல்லை. பங்குனி பிறக்கும்போது வந்துவிடு.

உன்,
தங்கையா

~

தெங்கேரா,
9-3-1951

அத்தானுக்கு,

உங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தோட்டத்து லாரிக்காரர் வந்து சொன்னார். இந்தக் கடிதத்தை அங்கே கொடுப்பார்களோ என்னவோ தெரியவில்லை. விசாரணை இல்லாமலே வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம். அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார். அந்தச் சுவர் அப்படி இருப்பதற்குக் காரணம் நான். நாளைக் காலை பஸ்ஸில் நானே வருகிறேன்.

கோமளா

~

தெங்கேரா,
24-3-1951

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்த அன்று சாமிக்கு விளக்கேற்றினேன். நேரே இங்கே வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தோட்டத்து லாரியில் ஏறிப் போய்விட்டதாக அண்ணன் வந்து சொன்னார். ஒரு வாரத்துக்கு மேலாகிறது. ஒரு வரி இல்லை.

நான் ஸ்டேஷனில் சொன்னது உங்கள் காதுக்கு எப்படி வந்ததோ? அடுத்தவர் சொல்லி நீங்கள் அறிந்ததாக இருக்க வேண்டாம். நானே எழுதிவிடுகிறேன்.

"வாயத் தொறக்காத தாயி, ஊர்ல ஒன்ன என்ன பேசுவாங்க தெரியுமா?" என்று அண்ணன் பஸ் ஏறும் வரை தடுத்தார். நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் முன்னால் சேகரன் என்ற தமிழ்ப் பிள்ளைதான் மொழிபெயர்த்தது. நான் தொடங்கியதும் அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இத நான் அப்படியே சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டது.

"அப்படியே சொல்லுங்க தம்பி. ஒண்ணையும் விடாதீங்க."

வேட்டுச் சத்தம் கேட்ட அன்று நான் முற்றத்துக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்திருக்கிறான். சன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்து பதுங்கியவன். பின்னாலிருந்து வாயைப் பொத்திக் கழுத்தில் கத்தியை வைத்தான். முகத்தை நான் பார்க்கவில்லை. அவன் மேலெல்லாம் இரத்தமும் சேறும் நாறியது. வெளியே ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரு?"

அவன் கையை எடுத்தான். கத்தியை எடுக்கவில்லை.

"நாந்தான், கிராணி வீட்டு அம்மா. குளிக்கிறேன்" என்றேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார்கள். இருட்டும்வரை அவன் போகவில்லை. என்னைத் தொட்டு வேறொன்றும் செய்யவில்லை அத்தான். ஆனால் அவ்வளவு நேரமும் நான் எப்படி நின்றேன் என்பதை எந்த வார்த்தையில் எழுதுவேன்? போகும்போது, வாயைத் திறந்தால் உன் புருஷன் உயிரோடு இருக்க மாட்டான் என்று மட்டும் சொன்னான். அதனால்தான் உங்களிடமும் சொல்லவில்லை.

என்னையும் உள்ளே வைப்பார்கள் என்று தயாராகத்தான் போனேன். இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி அங்கமுத்து அண்ணனை வரவழைத்தார். வளைந்து கிடந்த சன்னல் கம்பியைத் தாம்தான் நிமிர்த்தியதாக அவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் நம்பினார்கள்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். ஸ்டேஷனில் அத்தனை ஆண்கள் முன்னால் சொன்னேனே என்று உங்களுக்குத் தலைகுனிவா? இல்லை, வேறு ஏதாவது நினைக்கிறீர்களா? எதுவானாலும் எழுதிவிடுங்கள். இப்படிப் பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கோமளா

~

சுங்கை லாடா தோட்டம்,
28-3-1951

என் கோமளா,

உன்மேல் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. தலைகுனிவும் இல்லை. ஊர் பேசுவதைப் பேசட்டும்.

ஸ்டேஷன் வாசலில் சேகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கேட்ட பிறகு எந்த முகத்தோடு உன்னிடம் வருவது என்று தெரியவில்லை. லாரியில் ஏறிவிட்டேன். அந்தக் கம்பி வளைந்திருந்ததை நானும் பார்த்தேன் கோமளா. குரங்கு வேலை என்று நினைத்து, நிமிர்த்தச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

வீட்டுக்கு வந்த அன்று புதுக் குளியலறைக்குள் போய் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரே இருட்டு. பகல்தான், ஆனாலும் என் கை எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது. தாழ்ப்பாளைத் தடவித் தடவித் தேடினேன். எப்படியோ திறந்து வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் திறந்துகொண்டு வர முடிந்தது. அன்றைக்கு உனக்கு அதுவும் முடியவில்லை.

அதன்பிறகு தினமும் எழுத உட்காருவேன். கதவு, சுவர் பற்றியெல்லாம் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு இதற்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதுதான் தாமதம். நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று உன் கடிதம் வந்த பிறகே உறைத்தது.

துரையிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் யோசி என்றார். யோசிக்க எதுவும் இல்லை என்றேன். கடை வேலை இன்னும் இருக்கிறதா என்று மச்சானைக் கேட்டு வை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே கிளேபாங் பக்கம் ஏதாவது வேலை பார்த்துக்கொள்கிறேன். வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிறகு சேர்ந்து பேசலாம்.

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். முதலில் உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அண்ணி வாசலில் உட்கார்ந்தது போதும். இனி அந்த இடம் எனக்கு.

உன்,
தங்கையா