அண்ணனின் ரத்தமும் வேண்டுமாம்

ஆவணி 4, புதன்
புழுக்கம். செலியமேடு முழுக்கக் கரண்ட் இல்லை. கரும்புக்குத் தண்ணீர் பாயவில்லை. மனச்சோர்வு மாத்திரை போட்டாயிற்று, தொடங்கி இது மூன்றாம் மாதம்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது, மறப்பதற்குள்: மனச்சோர்வு கொஞ்சம் பரம்பரையாக வரும். அம்மா வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது அதுவாக இருக்கலாம். அது மட்டும் போதாது. சின்ன வயதில் பயந்து பயந்தே வளர்ந்தால், மூளையில் பயத்துக்கான இடம் ஓயாமல் விழித்திருக்குமாம். அதை அடக்கும் இடம் சோர்ந்துவிடுமாம். "இதுதான் காரணம்னு ஒண்ணக் கைகாட்ட முடியாதும்மா."

ஆராய்ச்சி நடக்கிறது. தலை ஸ்கேன், ரத்தம், கேள்வித்தாள். நோய் இல்லாத கூடப்பிறந்தவரும் வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். தலையெழுத்து.

ஆவணி 5
கரையாம்புத்தூருக்குப் போன். அண்ணன்: "பைத்தியம்னு ஊர்ல பேரு வாங்கணுமா? நம்ம வூட்ல இன்னா கொற இருந்துச்சி?"

"மோட்டார் கொட்டாய்ல என்னப் போட்டு அடைச்சது?"

"அப்பா எல்லாரையுந்தான் கண்டிச்சாரு. நீ யோசிச்சி யோசிச்சி பெருசாக்குற."

வைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், "யோசிக்காத, டிவி பாரு." ஆளுக்கு ஆள் டாக்டர்.

செய்ய: மிக்சி ரிப்பேர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் தெருக்குழாய் புகார். அண்ணனை மறப்பது.

ஆவணி 9
காலை ஏழு மணிக்குத் தானே காரோடு வந்து நிற்கிறான். "ஒரே தடவ. அப்பறம் கேக்கக் கூடாது." டவுன் போய்ச் சேரும்வரை அட்வைஸ். நடை, யோகா, முருங்கைக்கீரை. கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தேன்.

ஸ்கேன் மெஷினுக்குள் போனதும் மோட்டார் கொட்டாய் இரைச்சல். எட்டு வயது, ஸ்லேட்டு உடைத்ததற்கு ஒரு பகல் முழுக்க உள்ளே. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

அண்ணன் கேள்வித்தாளோடு அரை மணி. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"இன்னா எழுதின?"

"வூட்ல உங்கள யாராவது பூட்டி வெச்சாங்களான்னு கேட்டிருக்கு. இல்லன்னு போட்டேன். என்ன யாரும் பூட்டல." ரத்தம் எடுத்த இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டே, "வெளிய தாப்பா போட்டது நானு. அப்பா சொல்லுவாரு, நான் போடுவேன். நீ கத்துறது கேக்கக் கூடாதுன்னு மோட்டார ஓட வுடுவேன். பதினோரு வயசு எனக்கு. அதுக்கு ஒரு கேள்வியும் இல்ல, கலா."

இத்தனை வருடம் அப்பா என்றே நினைத்திருந்தேன். கோபம் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆவணி 11
தூறல். அண்ணன் போன். தூக்கம் எப்படி என்று அன்றைக்கு நர்ஸ் கேட்டாராம், ரெண்டு வருடமாக இல்லை என்று சொல்லிவிட்டானாம். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அவனையும் பார்க்கிறார். கூட வருகிறாயா என்று கேட்டால் குறைந்தா போய்விடுவான்? "எட்டு மணிக்கு ரெடியா இரு." உத்தரவு.

மன்னித்துவிட்டேனா? இல்லை. புடவை எடுத்து வைத்தாயிற்று.