மறுப்புக்கு மறுப்பு எழுதியவர்

கோபத்தில் நினைத்தாலும் அன்பு குறையாத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இந்தக் கடிதத்தை அழுதுகொண்டே தொடங்குவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் உங்கள் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்த நாள் முதல் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. நடுநடுவே சிரிப்பும் வந்துவிடுகிறது. அதனால் கோபம் இன்னும் கூடுகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முட்டுவலி தவிர வேறு குறை இல்லை. பூதப்பாண்டிப் பள்ளியில் எனக்கு இன்னும் பத்து வருஷ வேலை பாக்கி இருக்கிறது. நம் ஊரில் இரண்டு சபைகளும் இரண்டாகவேதான் இருக்கின்றன. நாற்பது காலடி தூரத்தில் இரண்டு கோயில், இரண்டு மணி, இரண்டு ஒலிபெருக்கி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் பாட்டு எடுத்தால் நடுவில் இருக்கிற டீக்கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிட்டு, எந்தப் பக்கம் முதலில் முடிக்கிறது என்று கவனிக்கிறார். கல்லறைத் தோட்டம் மட்டும் பிரியவில்லை. அங்கே இருப்பவர்கள் யாரும் கமிட்டிக்கு வருவதில்லை அல்லவா?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்முடையது பிரெஸ்பிட்டேரியன் சபை. எங்களுக்கு ஆயர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கிற மூப்பர்களும் போதகரும் சரிசமமாக உட்கார்ந்து சபையை நடத்தவேண்டும். ஆகவே சண்டை போடுவதற்கும் எங்களில் எல்லாருக்கும் சம உரிமை உண்டு.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது அந்தச் சண்டை வந்தது. அதுவரை நற்கருணைக்கு ஒரே வெள்ளிப் பாத்திரம். எல்லாரும் திராட்சரசத்தை அதிலேதான் வாய்வைத்துக் குடிப்பார்கள். வாழைக்குலை மண்டி மூப்பர் தாசையனின் மூத்த மகன் துபாயிலிருந்து வரும்போது அறுபது சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். இனி ஆளுக்கொரு கிண்ணம் என்றார் மூப்பர். காலங்காலமாக வந்த பாத்திரத்தை மாற்றுவதற்கில்லை என்றீர்கள் போதகரான நீங்கள். இதற்குப் போய் ஒரு சபை உடையுமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். உடைந்தது.

நீங்கள் 'பாத்திரம் ஒன்றே' என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம் அச்சடித்தீர்கள். பத்தே நாளில் தாசையன் மூப்பரின் பெயரில் 'மறுப்பு' வந்தது. நீங்கள் 'மறுப்புக்கு மறுப்பு' போட்டீர்கள். அவர் 'மறுப்பின் மறுப்புக்குத் தக்க பதில்' போட்டார். இப்படியே ஒன்பது பிரசுரம். ஊரில் கடலை மடிக்கக்கூட வேறு காகிதம் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் அப்பா, மூப்பரின் பிரசுரம்தான் எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் பக்கத்தில் வசனத்துக்குமேல் வசனம் அடுக்கியிருக்கும். அவர் பக்கத்தில் ஆள் நேரே நின்று பேசுகிற மாதிரி இருக்கும். 'காசநோய்க்காரன் தன் முறை வரும்போது தலைகுனிந்து எழுந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று அதில் ஒரு கேள்வி. அதை வாசித்துவிட்டு நான் இரண்டு நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆளுக்கு இவ்வளவு நல்ல தமிழா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அம்மாவுக்கு ஆச்சரியம் இல்லை, ஆத்திரம்தான். ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, "இத எழுதினவன் கை வெளங்குமா?" என்றாள். நீங்கள் அந்தக் கையால் ரசச் சோறு பிசைந்துகொண்டிருந்தீர்கள். "அப்படிச் சொல்லப்பிடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள். எதிரிக்கும் இரங்குகிறாரே என்று நான் உருகிப்போனேன்!

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நம் பழைய சபை உங்கள் எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறது. தமிழ் டீச்சர் என்பதால் தொகுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எதிர்த்தரப்புப் பிரசுரங்களையும் பின்னிணைப்பாகப் போடலாம், அவர்கள் வாதம் எவ்வளவு சொத்தை என்று ஜனங்கள் பார்க்கட்டும் என்றார் செயலாளர். நல்ல பிரதி கிடைக்குமா என்று பெட்டியைக் கிளறினேன். பிரதி கிடைக்கவில்லை, கைப்பிரதி கிடைத்தது. தாசையன் மூப்பரின் நான்கு பிரசுரங்களும், தலைப்பிலிருந்து 'இப்படிக்கு' வரைக்கும், உங்கள் கையெழுத்தில்.

படியெடுத்து வைத்திருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். படியெடுக்கிறவர் எதற்கு அடித்து அடித்துத் திருத்துகிறார்? காசநோய்க்காரன் முதலில் 'வியாதியஸ்தன்' என்று இருக்கிறான், பிறகு 'நோயாளி' ஆகிறான், மூன்றாவது தடவைதான் தலைகுனிந்து எழுந்து போகிறான். அந்த நாட்களில் நீங்கள் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "இந்த மறுப்பு பலமா இருக்கு, பதில் சொல்லக் கஷ்டம்" என்று புலம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குரலில் ஏன் அத்தனை பெருமை என்று அப்போது விளங்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது. 'எங்கள் போதகரை இந்த ஊரிலிருந்து மாற்றித் தரவேண்டும்' என்று எல்லாச் சபைகளுக்கும் மேலே இருக்கிற மேல்மன்றத்துக்குத் தாசையன் மூப்பரும் பதினேழு குடும்பத் தலைவர்களும் போட்ட மனுவின் வரைவு. அதுவும் உங்கள் கையெழுத்தில்தான்.

அந்த மனுவால்தானே அப்பா நாம் திற்பரப்பு அருவிக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்துச் சபைக்குப் போனோம்? இந்த ஊருக்குத் திரும்பி வர எட்டு வருஷம் ஆயிற்று. அருவியில் குளித்த சுற்றுலாக்காரர்கள் ஈரத் துண்டோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்வார்கள். பிரசங்கத்தின் நடுவில் பஸ் எத்தனை மணிக்கு என்று உங்களையே கேட்பார்கள். நான் பள்ளிக்கூடம் மாறினேன், என் சிநேகிதிகள் எல்லாரும் போனார்கள். அம்மா மழைக்காலம் முழுக்க முந்தானை முடிச்சில் உப்புக் கட்டிக்கொண்டுதான் கிணற்றுக்குப் போவாள், காலில் ஏறுகிற அட்டைமேல் வைப்பதற்கு.

மனுவை அம்மாவிடம் காட்டாமல் இருந்திருக்கவேண்டும். காட்டிவிட்டேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தாள். "எட்டு வருசம் நான் அட்டைக்கு உப்பு வெச்சேன். இந்த மனுசன் சொந்தக் கையால எழுதிக் குடுத்திட்டா வந்தாரு?" என்று எழுந்து போய் உங்கள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். பிறகு என்னிடம், "நீ போய் அந்தத் தாசையன்கிட்ட கேளு. புத்தகத்துல எல்லாத்தையும் போடு. நாறட்டும்" என்றாள்.

எனக்கும் அதே எண்ணம்தான். அந்தப் பிரசுரங்களை வைத்தே முப்பத்தைந்து வருஷமாக 'எழுத்தாளர் மூப்பர்' என்று பெயர் வாங்கியிருக்கிறாரே! கைப்பிரதிகளையும் மனுவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனேன். இந்தப் பக்கம் மட்டியும் செந்துளுவனும், அந்தப் பக்கம் ஏத்தன் வாழைக்குலையும் தொங்க, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மூப்பர் இருந்தார். எண்பத்தாறு வயது. தலைக்குமேல் 'மறுப்பு' பிரசுரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். போன வருஷம் பிறந்தநாளில் பேத்தி அதை மைக்கில் வாசித்தாளாம், மூப்பருடைய பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்களாம்.

"வா மோளே, இரி. அம்மைக்கு சொகந்தானா?" என்றார். கைப்பிரதிகளை அவர் மடியில் வைத்தேன். பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டியில் நின்ற இரண்டு மகன்களை டீ வாங்கப் போகச் சொன்னார். ஒரு டீக்கு இரண்டு பேரா என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

"மூப்பர் மாமா, இது நியாயமா? எங்க அப்பாவுக்கு எதிரா எழுதணும்னா வேற ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டேன்.

"வேற ஆளா?" அவர் முகத்தில் நிஜமான திகைப்பு. "ஏட்டி, எங்க வீட்டு ரேஷன் கார்டு மனுவ எழுதினது யாரு? ஐயரு. மூத்தவன் துபாய்க்குப் போவ கடுதாசி எழுதினது யாரு? ஐயரு. கரண்ட் ஆபீசுக்கு, தாலுக்கா ஆபீசுக்கு, எல்லாத்துக்கும் ஐயருதான். இந்தக் காரியத்துக்கு மட்டும் நான் இன்னொருத்தன்கிட்ட போய் நின்னா அவருக்கு மனசு சங்கடப்படாதா?"

போதகர் என்றால் ஐயர், ஐயர் என்றால் ஊருக்கே கடிதமும் மனுவும் எழுதுகிறவர். அதுதானே நம் ஊர் வழக்கம்? சண்டை வேறு, வழக்கம் வேறு என்று அந்த மனிதர் முழு மனதோடு நம்பியிருக்கிறார். நீங்களும் நம்பியிருக்கிறீர்கள். பைத்தியக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒரு சபையை முறைப்படி உடைத்திருக்கிறீர்கள்.

"நான் போய், ஐயரே, உமக்குப் பதில் எழுதணும், எனக்கு எழுத வராதுன்னு சொன்னேன். உள்ள வாரும், உக்காரும், என்ன எழுதணும் சொல்லும்னாரு. எதுக்கு ஐயரே எனக்காவ எழுதுகீருன்னு ஒருநாள் கேட்டேன். எழுதத் தெரியாத ஒரே காரணத்துக்காவ நீரு தோக்கப்பிடாதுன்னாரு. அவ்வளவுதான் மக்கா."

"சரி மாமா, பிரசுரம் போவட்டு. இந்த மனு?"

மனுவைக் கையில் எடுத்தார். "அன்னைக்கு எனக்கும் நாக்கு எழும்பல. என்ன குத்தம் எழுதணும்னு அவருதான் கேட்டாரு. எனக்கு ரெண்டுதான் சொல்ல வந்துது. ரெண்டு போதாது, மேல்மன்றத்துல எடுபடாது, பிரசங்கம் நீண்டு போவுதுன்னு ஆளுவ சொல்லுகதில்லியா, அதையும் சேரும்னாரு. அது நெசந்தானேன்னு சேத்தேன்."

நான் சிரித்துவிட்டேன் அப்பா. மன்னியுங்கள். உங்கள் பிரசங்கம் நீளம்தான்.

அவர் சிரிக்கவில்லை. "உனக்குக் கோவம் இருக்கும். இருக்கணும். நீ புத்தகத்துல என்ன வேணும்னாலும் போடு. எனக்கு ஒரு ஆவலாதிதான். நான் சொன்ன ஒரு வரிய உங்கப்பா வெட்டிட்டாரு. அது என் வரி. அத மட்டும் திருப்பிப் போடணும்."

எழுத்தாளர்களின் குறை எனக்குத் தெரியும். பள்ளி ஆண்டு மலரில் ஒரு கமாவை எடுத்தாலே சண்டைக்கு வருவார்கள். எந்த வரி என்று கேட்டேன். மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் கடைசியில் விரலை வைத்தார். அங்கே ஒரு வரி, பேனா மை கொட்டினாற்போல நன்றாக அடிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை. அவர் படிக்காமலே சொன்னார்:

"'இவரை விட்டால் இப்படி ஒரு ஐயர் எங்கள் ஆயுசில் கிடைக்கமாட்டார்.'"

மண்டியில் யாரோ குலை இறக்கினார்கள். சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"எழுதத்தான் செஞ்சாரு. எழுதி, மறுபடி வாசிச்சுப் பாத்துட்டு, தாசையரே, இது இருந்தா மனு நிக்காதுன்னு அடிச்சுப்போட்டாரு. நான் வேண்டாம் ஐயரே, அது கெடக்கட்டும்னேன். கேக்கல. ஒரு தடவ இல்ல மோளே, மேல மேல அடிச்சாரு. மை பரந்துபோச்சு."

"மாமா, இந்த வரி வரணும்னா மனுவ யாரு எழுதினதுன்னும் வரணும். பிரசுரமும் வெளிய வரும். பேத்தி மைக்கில வாசிச்சது..."

"வரட்டும்" என்றார். "எம்பத்தாறு வயசுல எனக்கு எதுக்கு எழுத்தாளர் பட்டம்? அவரு போன அன்னைக்கு உங்க கோயில்ல நான் பின்னால நின்னேன். ஒருத்தரும் என்னப் பேச விடல. விட்டிருந்தா இந்த ஒரு வரியத்தான் சொல்லியிருப்பேன்."

அப்பா, நீங்கள் போக ஆசைப்பட்டுத்தான் அந்த மனுவை அத்தனை நன்றாக எழுதினீர்களா? நீங்கள் கிளம்பினால் சண்டை தீரும் என்று நினைத்தீர்களா? இல்லை, மனு என்று வந்தால் நன்றாக எழுதித்தான் ஆகவேண்டும் என்கிற வெறும் தொழில் புத்தியா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மாவிடமாவது. நானும் அந்த மனிதரை முப்பத்தைந்து வருஷம் வெறுத்துவிட்டேன். அது முழுக்க வீண்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த வரியைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "அத அடிக்க இவருக்கு என்ன அதிகாரம்?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான்.

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன். ஒன்பது பிரசுரமும் வரிசையாக வரும். உங்களுடையதில் உங்கள் பெயர். மற்றதில் 'சொன்னவர் மூப்பர் தாசையன், எழுதியவர் போதகர்' என்று இரண்டு பெயர். செயலாளர் மறுத்தால் தொகுப்பாளர் வேலையை விட்டுவிட்டு நானே அச்சடிப்பேன். கடைசியாக அந்த மனு வரும். நீங்கள் அடித்த வரி அதன் இடத்தில் அப்படியே நிற்கும். மனு பலவீனப்படுமே என்று நீங்கள் எங்கேயிருந்து கத்தினாலும் நான் எடுக்கமாட்டேன்.

உங்கள் எழுத்தில் முதன்முதலாகக் கைவைக்கிற,
உங்கள் மகள் ஸ்டெல்லா