ஊமைமஞ்சுக் கரையில் கூப்பிட ஆள் வேண்டி

அனுப்புநர்:
பிச்சையம்மாள், காலஞ்சென்ற திருமலைச்சாமி மனைவி,
மன்னவனூர், பழனி மலை.

பெறுநர்:
மலைப்பாதை மேலதிகாரி துரையவர்கள்,
கொடைக்கானல்.

பொருள்: ஊமைமஞ்சுப் பள்ளத்தில் என் மகன் இறந்தது தொடர்பாக, மருமகள் மேல் எழுதிய குற்றத்தை நீக்கவும், கூப்பிடும் ஆளை மறுபடி நிறுத்தவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தை மாதம் நான் அனுப்பிய மனு, இறந்தவர் பெயர் அதில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆபீசில் சொன்னது நியாயம்தான். பெயர் இல்லாத ஒருவனுக்காக எந்த அதிகாரி என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தப் பெயர் ஏன் விட்டுப்போனது என்பதுதான் என் வழக்கே. ஆகவே பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கொடைக்கானல் பஜாரில் பூண்டு வியாபாரம் செய்யும் ஜமால் முகம்மது ராவுத்தர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். மேலே என் வீட்டுக்காரர் பெயரை அவரே எழுதிக்கொண்டார், நான் சொல்லவில்லை.

2. துரையவர்கள் இந்த மலைக்கு வந்து அதிக நாளாகவில்லை என்று கேள்வி. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் பாதையின் குறுக்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இருபுறமும் செங்குத்துப் பாறை. சுற்றிப் போக வழி கிடையாது. அந்தப் பள்ளத்தில் நிற்கும் மூடுபனிதான் ஊமைமஞ்சு. மற்ற மஞ்சு காற்றடித்தால் கலையும், வெயில் ஏறினால் விலகும். இது சித்திரை வைகாசியில் மட்டும் கொஞ்சம் இளைக்கும். மழை தொடங்கினால் சுவர் போல அடைத்துக்கொள்ளும். உள்ளே போனவருக்குத் தன் காலடிச் சத்தமே கேட்காது. திசை மறந்துபோகும். பிறகு எதற்கு வந்தோம் என்பதும் மறந்துபோகும். களைத்தவர் போல உட்காருவார், உட்கார்ந்தவர் எழுந்ததில்லை. உள்ளே எட்டுகிற சத்தம் ஒன்றே ஒன்றுதான்: கரையில் நின்று இன்னொரு மனிதர் கூப்பிடும் அவரவர் பெயர். கொம்பு ஊதினாலும் கொட்டு அடித்தாலும் எட்டாது. அண்ணே, மாமா என்று முறை சொன்னாலும் எட்டாது. அந்த மஞ்சுக்கு உறவு தெரியாது.

3. அதனால்தான் எங்கள் கரையில் ஆண்டிச்சாமி என்பவரைக் கூப்பிடும் ஆளாக வைத்திருந்தார்கள். பள்ளம் இறங்குகிறவர்கள் அவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு இறங்குவார்கள். பெயர் காதில் விழுந்துகொண்டிருந்தால் புத்தி தெளிவாக இருக்கும். அந்தக் குரலை முதுகில் வாங்கிக்கொண்டு போகலாம், முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்பலாம். போன ஆடியில், யுத்தகாலச் சிக்கனம் என்று அவர் வேலையை எடுத்துவிட்டு, கரையில் ஒரு வெண்கல மணியைத் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னே வைகாசியில், மஞ்சு இளைத்திருந்தபோது, வந்து மணியை அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது மணி நன்றாகவே கேட்டது. ஆண்டிச்சாமி பிழைப்புத் தேடிக் கீழே போய்விட்டார். அது முதல் அவரவர் வீட்டு ஆண்களே கரையில் நின்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

4. எங்கள் பக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை இடுவது வழக்கம். என் மகனுக்கு என் மாமனார் பெயர். ஆகவே நான் பெற்ற பிள்ளையை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவன் பெரியவன். பழனியில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால், கூட வந்த ஊர்க்காரர் யாரையாவது சொல்லச் சொல்லுவேன். இது எங்களுக்குச் சுமையாகத் தோன்றியதே இல்லை.

5. கார்த்திகை மாதம் என் மகன் பூண்டு மூட்டையோடு பஜாருக்கு வந்தான். காலையில் கரையில் நின்று கூப்பிட்டு அனுப்பியவர் பக்கத்துக் காட்டு மணியன். மாலையிலும் வருவதாகச் சொன்னவர், மனைவிக்குப் பிரசவ வலி கண்டதால் வீட்டை விட்டு அசைய முடியவில்லை. அவர் மேல் குற்றமில்லை. கரையில் நானும் என் மருமகள் கருப்பம்மாளும் மட்டும் நின்றோம். ஊருக்கு ஓடி வேறு ஆளைக் கூட்டிவர நேரமில்லை. மணியை மாறி மாறி அடித்தோம். அவள், "ஏங்க, இங்கிட்டு வாங்க, இங்கிட்டுத்தான் நிக்கிறோம்" என்று கத்தினாள். நான், "ஏலே பெரியவனே, வெரசா வாப்பா" என்று கத்தினேன். பெற்றவள் குரல் எட்டாமலா போகும் என்று நினைத்தேன். எட்டவில்லை.

வெளிச்சம் குறைந்தபோது கருப்பம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை, ஐயா. தொண்டை கட்டி வெறும் காற்று வரும்வரை கூப்பிட்டாள். என் குரல் அப்போதும் நன்றாகவே இருந்தது. அவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். பெயர் நெஞ்சில் இருந்தது, நாக்குக்கு ஏறவில்லை. செத்துப்போன மாமனார் எதிரே நிற்பது போல வாய் அடைத்துக்கொண்டது.

6. மறுநாள் ஊராரில் பாதிப்பேர் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, மணியனும் மற்றவர்களும் இறங்கித் தேடினார்கள். அவன் வாங்கி வந்த உப்பும் எனக்கு வெற்றிலையும் பள்ளத்தின் நடுவே, உட்கார்ந்து இறக்கி வைத்தபடி இருந்தன. அவனோ கரைக்கு மிக அருகில், எங்களைப் பார்த்த முகத்தோடு கிடந்தான். உட்கார்ந்தவர் எழுந்ததாக இந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. என் மகன் பெண்டாட்டி கூப்பிட்டு எழுந்திருக்கிறான். அவள் குரல் நின்றபோது அவனும் நின்றுவிட்டான்.

7. இப்படியிருக்க, "மனைவி கூப்பிடத் தவறியதால் நேர்ந்த மரணம்" என்று ஆபீஸ் குறிப்பில் இருப்பதாக ராவுத்தர் படித்துச் சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. பெயரைச் சொன்னதால் புருஷன் செத்தான் என்று பாதிப்பேர், சொல்லாததால் செத்தான் என்று பாதிப்பேர். இரண்டுக்கும் அவளே பழி சுமக்கிறாள். போன வாரம் வெள்ளனே எழுந்து பார்த்தால் அவள் பாயில் இல்லை. ஓடினேன். மஞ்சுக்குள் பாதி மறைந்துவிட்டாள். கருப்பம்மா, கருப்பம்மா என்று கூப்பிட்டுத்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். அவளையும் பறிகொடுக்க என்னால் ஆகாது.

8. ஆகவே துரையவர்கள் அந்தக் குறிப்பை அடித்து, கருப்பம்மாள் கூப்பிட்டாள் என்றும், அவள் கூப்பிட்டதால்தான் அவன் அவ்வளவு தூரம் வந்தான் என்றும் எழுதச் சொல்ல வேண்டும். அதை மன்னவனூர்ச் சாவடியில் ஊரார் கேட்கப் படிக்கச் சொல்ல வேண்டும். மழைக்கு முன் கரையில் ஆள் நிறுத்த வேண்டும். மணி இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் தொந்தரவில்லை. ஆண்டிச்சாமி இனி வரமாட்டார். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். பெண்பிள்ளைக்கு, அதிலும் பெயர் சொல்லாதவளுக்கு, இது எப்படி முடியும் என்று ஆபீசில் கேட்பார்கள்.

இறந்தவர் பெயரைத் தாமே எழுதிக்கொள்வதாக ராவுத்தர் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் கடையில் பூண்டுச் சாக்குகளுக்கு நடுவே எழுந்து நின்று, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, நானே சொன்னேன். குழந்தைவேல். என் மகன் பெயர் குழந்தைவேல். என் வாய்க்கு ஆகாத பெயர் இனி இந்த மலையில் எதுவும் இல்லை, ஐயா. யார் இறங்கினாலும் நான் கூப்பிடுவேன்.

இடம்: கொடைக்கானல் பஜார்
தேதி: 10-3-1943

இப்படிக்கு,
பிச்சையம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

அவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டியவன்:
ஜமால் முகம்மது