காலியாக விட்ட முகவரிக் கட்டம்

டாட்மோர்டன்,
ஜூன் 14, ஞாயிறு

அன்புள்ள ரோவீனாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, நம் நாய் கஸ்டர்ட் மூவரும் சுகம். கஸ்டர்டுக்கு மட்டும் பின்னங்கால் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, வீட்டில் ஒரு பிராணி வைத்தியக்காரி இருந்தாள், அவள் உலகத்தின் மறு கோடிக்குப் போய்விட்டாள் என்று சொல்லிச் சொல்லி அம்மாதான் வெந்நீரில் துணி நனைத்துக் கட்டுகிறாள். டிமாருவில் நீயும் உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிற ஆடு மாடு பூனைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். இங்கே மூன்று நாள் வெயில் அடித்தது, ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிந்தது, நான்காம் நாள் வழக்கமான மழை. பனி உறையாமல் சாலையில் உப்பு தூவும் லாரியைக் கழுவிக் கொட்டகையில் விட்டாயிற்று, அக்டோபர் வரை எனக்குச் சாலையில் குழி அடைக்கிற வேலைதான். கெய்ல் சித்தி சனிக்கிழமை வந்து தோட்டத்து ருபார்ப் தண்டு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போய்விட்டாள், கேட்டால் உங்களுக்கு இவ்வளவு எதுக்கு, ரெண்டு பேர்தானே என்கிறாள்.

வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் சேமிப்புக் கணக்கைக் கம்பெனி மாற்றுகிற விஷயம்தான். போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்று சொல்லிவிடுவாய், அதோடு பழைய கம்பெனிக்காரர்களுக்கு மைப் பேனாவில் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம், அதனால் படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து கேட்கிறாய், அப்பா, மாத்தியாச்சா இல்லையா என்று. நானும் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன், பொறு என்று சொல்லிச் சொல்லி நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். போன வாரம் நீ பொறுமை இழந்து, விடுங்கப்பா, பணத்தை மொத்தமா கையில எடுத்து நானே புதுக் கம்பெனியில போட்டுக்கிறேன் என்றாய் பார், அன்றைக்குத்தான் எனக்குத் திக்கென்றது. அதை மட்டும் செய்யாதே. உன்னுடையது மாதிரி வரியில்லாக் கணக்கிலிருந்து பணம் ஒருமுறை உன் கைக்கு வந்துவிட்டால் அது வெறும் பணம், அந்தச் சலுகை அதோடு போயிற்று. இங்கே குடியிருக்கிறவர்களாவது வருட வரம்புக்குள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் குடியிருக்கிறவர்கள் ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் புதிதாக ஒரு பென்னிகூடப் போட முடியாது. புதுக் கம்பெனிக்காரர்கள் பழைய கம்பெனியிடம் கேட்டு நேரே வாங்கிக்கொள்ள வேண்டும், நடுவில் உன் கை படக் கூடாது. உன் நாட்டு வரிக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அங்கே விவரம் தெரிந்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

சரி, நான் ஒப்பிட்ட கதைக்கு வருகிறேன். நீ பிறந்தபோது அரசாங்கம் கொடுத்த இருநூற்றைம்பது பவுண்டில் தொடங்கியது, உனக்குப் பதினெட்டு ஆகும்வரை மாதம் நாற்பது நாங்கள் போட்டோம், இப்போது இருபத்து நாலாயிரம் நிற்கிறது. பழைய கம்பெனி இந்த வருடத்திலிருந்து ஆயிரத்துக்கு நாலரை பவுண்டு எடுக்கிறது, ஆக வருடத்துக்கு நூற்றெட்டு. கேட்டால் அரை சதவீதம்கூட இல்லையே என்பார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும், கணக்கு வளர வளர அவர்கள் பங்கும் வளரும். அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு விவரத்தைத் தபாலில் அனுப்ப ஐந்து பவுண்டு வேறே, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவது கம்பெனி ஆயிரத்துக்கு இரண்டரைதான், வருடம் அறுபது, தபாலுக்குத் தனியாகக் காசும் இல்லை. மூன்றாவது கம்பெனிக்கு மாதம் ஆறு பவுண்டு, வருடம் எழுபத்திரண்டு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் அதேதான், ஆனால் காகிதமே கிடையாது, எல்லாம் உன் போனுக்கு வரும். வெளியேறும் கட்டணம் பழைய கம்பெனியில் இல்லை, அதை இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டாம் தடவை அந்தப் பெண், மிஸ்டர் கிரீன்வுட், நேத்தும் நீங்கதானே கேட்டீங்க என்றாள். பணம் போட்டிருக்கிற முதலீட்டு நிதியை விற்காமல் அப்படியே மாற்ற மூன்றாவது கம்பெனி ஒப்புக்கொள்கிறது, ஆறு வாரம் ஆகுமாம்.

சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அறுபது எழுபத்திரண்டை விடக் குறைவு. நானும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் கீழே பொடி எழுத்தில் பார்த்தேன், இந்த நாட்டில் குடியிருக்கிறவர்களை மட்டுமே சேர்ப்பார்களாம். பழைய கம்பெனியில் உன் முகவரி இன்னும் நம் வீடுதான், மாற்றச் சொல்லி நீ இரண்டு முறை சொன்னாய், நான் மறந்துவிட்டேன் என்றேன். கெய்ல் சித்தி ருபார்ப் வெட்டிக்கொண்டே, யாரு வந்து பாக்கப் போறாங்க, வீட்டு முகவரியையே போட்டுத் தொலை என்றாள். நானும் பென்சிலை எடுத்து அவர்கள் படிவத்தில் எழுதிவிட்டேன். உன் அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தாள். வருசத்துக்குப் பன்னிரண்டு பவுண்டுக்காகவா பொய் எழுதுற ட்ரெவர், நீ ஒரு கேக் துண்டைக்கூடக் கணக்குச் சொல்லாமத் திங்காத கஞ்சன்தான், ஆனா திருடன் இல்லையே என்றாள். நான் கம்பெனிக்காரர்களைத் திட்டினேன், பொடி எழுத்தைத் திட்டினேன். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு, இது பன்னிரண்டு பவுண்டு இல்ல, எனக்குத் தெரியும், அவ அங்கதான் இருக்கா, அதையே எழுது என்றாள்.

ரோ, முகவரியை மாற்ற நான் மறக்கவில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வெளிர் மஞ்சள் உறை கதவுத் துவாரம் வழியாக விழும், மிஸ் ரோவீனா கிரீன்வுட் என்று அச்சடித்திருக்கும். கஸ்டர்ட் மற்ற தபாலைத் தொடுவதில்லை, இதை மட்டும் கவ்விக்கொண்டு வந்து என் செருப்பின் மேல் போடும், உன் வாசனையாக இருக்கும், காகிதத்தில் வாசனை ஏது, ஏதோ ஒன்று. நான் அதை மாடிப்படியில் மூன்றாவது படியில் வைப்பேன், நீ வேலைவிட்டு வரும்போது எடுத்துக்கொண்டு மேலே போக வசதியாக எப்போதும் வைக்கிற இடம்தான். இரண்டு மூன்று நாள் அங்கேயே இருக்கும். அப்புறம்தான் பிரித்துப் படிப்பேன், நீ பிரிக்கச் சொன்னதுதானே. காகிதம் வேண்டாம் என்று ஒரு சொடுக்கில் நிறுத்தியிருக்கலாம், வருடம் இருபது பவுண்டு மிச்சம். பதினேழு வருடமாக ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு உப்பு லாரி ஓட்டுகிற நான் அந்த இருபதை மட்டும் வாய் திறக்காமல் உன் பணத்திலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒப்பீடு பிப்ரவரி மாதக் கடைசி வாரத்திலேயே முடிந்துவிட்டது. நான்கு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டணத்தை அல்ல. உன்னை ரொம்பத் தேடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே மூன்றாவது கம்பெனி. பன்னிரண்டு பவுண்டு கூட, ஆனால் நீ இருக்கிற இடத்தைச் சொல்லி நேர்மையாக இருக்கலாம், கணக்கு வளர்ந்தாலும் கட்டணம் அதேதான். எட்டாம் பக்கத்தில் கையெழுத்து, ஒன்பதாம் பக்கத்தில் பிறந்த தேதி, மாதத்தையும் நாளையும் மாற்றி எழுதிவிடாதே. பழைய கம்பெனி உறைகளில் கடைசியாக வந்ததை நான் வைத்துக்கொள்கிறேன், நாய்ப் பல் பட்டது, உனக்கு அது தேவைப்படாது. கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் விலை பார்ப்பதாகச் சொன்னாய், அவசரப்பட்டு வாங்காதே, விலை இறங்கும், இறங்காவிட்டாலும் வாங்கு.

நல்ல வேலையும் நல்ல தூக்கமும் உனக்கு நிலைக்கட்டும், போகிற இடமெல்லாம் உன்னை மதிக்கிற மனிதர்கள் கிடைக்கட்டும், அம்மாவும் நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கையெழுத்தும் பிறந்த தேதியும் போக மற்றக் கட்டங்களை எல்லாம் நான் நிரப்பிவிட்டேன், மூன்றாம் பக்கத்தில் நிரந்தர முகவரி என்கிற கட்டம் மட்டும் காலி. இந்தப் படிவத்திலும் கை தானாக நம் வீட்டு முகவரியைப் பென்சிலில் எழுதிவிட்டது, பிறகு அழித்திருக்கிறேன். என் கை அழுத்தம் உனக்குத் தெரியும், எவ்வளவு தேய்த்தும் தடம் போகவில்லை. பரவாயில்லை, அதன் மேலேயே பேனாவால் உன் முகவரியை எழுது.

உன் அப்பா,
ட்ரெவர் கிரீன்வுட்