சூடே தெரியவில்லை

பெங்களூரு
8.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போன் செய்து சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். நீ கிணற்றில் தண்ணீர் இல்லை என்று பதில் சொன்னாய். உன் காதோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. எழுத்தில் வந்தால் நீ தப்பிக்க முடியாது அல்லவா.

செஞ்சியில் சனிக்கிழமைதோறும் சர்க்கரைக்காரர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்களாம். நோயை நாமே எப்படிக் கவனித்துக்கொள்வது என்று சொல்லித் தருகிறார்களாம். அண்ணி கூப்பிட்டதற்கு, “இந்த வயசுல இஸ்கூலுக்கா போவச் சொல்ற?” என்று கேட்டாயாமே. அண்ணா, எனக்கு அன்றைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. மாத்திரை போட்டால் தீர்ந்தது என்று வருஷக்கணக்கில் இருந்துவிட்டேன். சிறுநீரகம் இரண்டும் போன பிறகுதான் எனக்கு நோயே புரிந்தது. இப்போது மெஷின்தான் என் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. நம் வீட்டில் நான் ஒருத்தி பட்டது போதும். நீ போய் உட்கார்.

உன் தங்கை
ரஞ்சிதம்

வல்லம்
24.3.2025

அன்புத் தங்கை ரஞ்சிதத்துக்கு அண்ணன் விநாயகம் ஆசீர்வாதம்.

உன் தொல்லை தாங்காமல் போனேன். வகுப்பு எடுக்கிற நர்ஸ் பெயர் வெண்மதி. நல்ல பெண். என் காது விஷயம் தெரிந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்து, பலகையில் எழுதிக் காட்டுகிறது. கேழ்வரகுக் களி ஒரு உருண்டைக்கு மேல் கூடாதாம். “ஒரு உருண்டை ருசி பாக்கவே பத்தாதேம்மா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வெறுங்காலோடு கொல்லைக்குப் போகக் கூடாதாம். உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டுமாம். குனிந்தால் எனக்கு வயிறுதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. கண்ணை மூடச் சொல்லி, நரம்பு மாதிரி ஒரு நூலால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுப் பார்த்தது. தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். காதும் கேட்காது, கண்ணையும் மூடு என்றால் மனுஷன் என்ன செய்வான்? அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே சரியாகத் தூக்கிவிட்டேன். ‘சூப்பர் பெரியப்பா’ என்று பலகையில் எழுதியது. அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டால் நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு. எழிலனையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
விநாயகம்

பெங்களூரு
6.4.2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மருமகள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். ஆனால் அந்த நூல் விஷயம் மனதை உறுத்துகிறது. தொட்டது உன் காலுக்குத் தெரிந்ததா, கண்ணுக்குத் தெரிந்ததா? அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

நான் படும் பாட்டைக் கேட்காதே. கையில் ஊசி குத்த இடமில்லை. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்கிறார்கள். இந்த வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக எழிலன் லீவு மேல் லீவு போடுகிறான். மருமகள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போய்ச் சேரலாம் என்று தோன்றுகிறது அண்ணா. பிள்ளையிடம் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ரஞ்சிதம்

வல்லம்
11.5.2025

அன்புத் தங்கச்சிக்கு,

போய்ச் சேர்வதாவது. உன் கடிதம் வந்த அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். நம் திரௌபதி அம்மனுக்கு உன் பெயரில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினேன். சொன்னால் தடுப்பாய் என்று உனக்கு எழுதவில்லை. வகுப்புக்கும் போகவில்லை. வெண்மதிக்குத் தெரிந்தால் வீடு தேடி வந்து சண்டை போடும்.

நேற்று முன்தினம் நெருப்பில் இறங்கினேன். ரஞ்சிதம், சூடே தெரியவில்லை. எனக்கு முன்னால் இறங்கிய இளையபெருமாள் விழுந்தடித்து ஓடினான். நான் நடந்தேன். நடுக்குழியில் நின்று உன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். நிற்காதே, வா வா என்று ஜனங்கள் கத்தினார்களாம். எனக்கெங்கே கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அம்மன் பெற்ற தாய் மாதிரி என் காலைத் தாங்கினாள். என்னைத் தாங்கியவள் உன்னை விட்டுவிடுவாளா?

உள்ளங்காலில் கொப்புளம் கட்டியிருக்கிறது. வலி இல்லை. கொப்புளம் கண்டால் விரதத்தில் குறை என்று ஊரில் பேசுவார்கள். அதனால் யாருக்கும் காட்டவில்லை. உன் அண்ணி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நச்சரிக்கிறாள். நெருப்பில் காத்தவளை நம்பாமல் ஊசிக்குப் போய் நின்றால் வேண்டுதல் பலிக்குமா? உனக்காகச் செய்ததைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்நேரம் உனக்கு உடம்பு தேறியிருக்கும். உடனே எழுது.

விநாயகம்

பெங்களூரு
17.5.2025

அண்ணா,

எழிலன் இதைக் கூரியரில் அனுப்புகிறான். படித்த உடனே கிளம்பு.

அண்ணியோடு போனில் பேசினேன். “கேக்க மாட்றாரு ரஞ்சிதம். காலு கருத்துக்கினு வருது. வாடை அடிக்குது. சாமி குத்தம் ஆயிடும்னு அடம் புடிக்கிறாரு” என்று அழுகிறாள். அவள் உன் காதருகே கத்தியும் நீ அசையவில்லையாம். அதனால் நான் எழுதுகிறேன்.

உன் காலில் உணர்ச்சி செத்துப் போயிருக்கிறது. சர்க்கரை அதைக் கொன்றுவிட்டது. சூடு தெரியாமல் போனது அதனால்தான். அம்மன் தாங்கவில்லை. உன் கால் வெந்தது உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் தேறவில்லை. போன செவ்வாய்க்கிழமை மெஷினில் இருக்கும்போதே மயங்கிவிட்டேன். டாக்டர் எழிலனைத் தனியே அழைத்துப் பேசினார். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ தீ மிதித்ததால் எனக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை அண்ணா. காப்பாற்ற அங்கே ஒரு வேண்டுதலும் இல்லை. காலை மட்டும் காப்பாற்றிக்கொள். போய்ச் சேரலாம் என்ற அந்த ஒரு வரியை உனக்கு எழுதியிருக்கவே கூடாது.

உன் ரஞ்சிதம்

வல்லம்
20.6.2025

தங்கை ரஞ்சிதத்துக்கு,

நீ எழுதியதைப் படித்த அன்றே கிளம்பினேன். உன் பேச்சை மீறவில்லை. போன பிறகு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும் என்றார்கள். இடது கால் ஆறுகிறது.

வெண்மதி வந்து பார்த்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊசி போட்டுக்கொள்வது, புண்ணைத் துடைப்பது எல்லாம் எழுதிக் காட்டியது. நன்றாகக் கற்றுக்கொண்டேன். சர்க்கரை இப்போது அளவாக இருக்கிறது. எதற்காக அளவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உன் அண்ணி அம்மாக்கண்ணு என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

கால் போனதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பத்து நாள் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? நீ பிழைத்துவிட்டாய் என்று இருந்தேன். அழுகின காலோடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இப்போது எதை நினைத்துக்கொண்டு பொழுதைப் போக்குவது?

எழிலன் போன் செய்தான். அம்மா நல்லா இருக்காங்க அத்தை என்று உன் அண்ணியிடம் சொன்னானாம். நீயும் அப்படி எழுதுவாய். எழுதினாலும் இனி நான் நம்பப் போவதில்லை. உள்ளது உள்ளபடி எழுதினால் படிக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் இனிமேல் எனக்கு எழுத வேண்டாம், தங்கச்சி. நானும் எழுத மாட்டேன்.

விநாயகம்